பல்லை எண்ணிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க

வாசகர் கேள்வி, பகாவ்: அண்ணே வணக்கம். என்கிட்ட இருக்கிறது பழைய 2.8 டீசல் ஹைலக்ஸ், முன்னாடியும் லீஃப் ஸ்ப்ரிங்தான். 205 ஆர்16 டயரைக் கழட்டிட்டு 33 இன்ச் மாட்டினேன். பாக்க கம்பீரமா இருக்கு, ஆனா உரமூட்டை ஏத்திட்டு செம்பனைத் தோட்டத்து மேட்டுல ஏறுனா திணறுது, பெரிய ரோட்டுல அஞ்சாவது கியர் போட்டா செத்துப் போகுது. டிஃப் கியர், அதான் ஆக்சில் நடுவுல வீலைச் சுத்த வைக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரம், அதை மாத்துன்னு சொல்றாங்க. புது செட் விலை கேட்டேன், ஒரு மாச சம்பளம் போயிடும் போல. கம்மியா முடிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு தம்பி, ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வண்டியில இப்ப என்ன ரேஷியோ இருக்குன்னு, அதாவது வீலுங்க ஒரு சுத்து வர்றதுக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு பாருங்க, முக்காவாசி பேரு இதைப் பாக்காமலே காசைக் கொட்டிடறாங்க. பின் வீல் ஒண்ணை மட்டும் ஜாக் போட்டுத் தூக்குங்க, மத்த வீலுக்கெல்லாம் கட்டை வைங்க, கியரை நியூட்ரல்ல விட்டு ஹேண்ட்பிரேக்கை எடுத்துடுங்க. டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, கியர்பாக்ஸ்லருந்து டிஃபுக்கு வர்ற புரொப்பல்லர் ஷாஃப்ட்ல ஒரு கோடு. தூக்குன வீலை 20 சுத்து சுத்துங்க, மச்சானை கீழ படுக்க வச்சு ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு எண்ணச் சொல்லுங்க. 41 வந்தா 4.10. 43 வந்தா 4.30. 45 தாண்டி அரைச் சுத்துன்னா 4.56. 49-க்கு கொஞ்சம் கம்மின்னா 4.88. ஒரு வீல் மட்டும் சுத்துறப்ப ஷாஃப்ட் பாதிதான் சுத்தும், அதனாலதான் 20 சுத்தை 10-ன்னு வச்சு வகுக்கிறோம். ரெண்டு வீலையும் ஒண்ணாப் பூட்டுற டிஃப் லாக் இல்லாத வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு.

4.10 வந்துச்சுன்னே வச்சுக்குவோம். பழைய டயர் உயரம் 743 மில்லி, 33 இன்ச்சுன்னா 838 மில்லி, கிட்டத்தட்ட 13 சதவீதம் ஜாஸ்தி. எல்லா கியரும் அவ்வளவு நீண்டு போச்சு, அதான் திணறுது. மீட்டர் 100 காட்டுறப்ப நீங்க 113-ல போய்ட்டு இருப்பீங்க, கேமராக்காரனுக்கு இது புரியாது. 4.10-ஐ 1.13-ஆல பெருக்குங்க, 4.63 வரும். அதுக்குப் பக்கத்துல பாக்க வேண்டியது 4.56-உம் 4.88-உம்தான். தினமும் சிரம்பான் போய் வர்ற ஆளா இருந்தா 4.56 போதும்பேன், மூட்டை ஏத்துற வண்டிக்கு 4.88. அஞ்சாவது கியர்ல இஞ்சின் முன்ன இருந்ததைவிட 5 சதவீதம் கூட சுத்தும், டீசல் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான்.

இப்ப காசு கதை. பல்லுச் செட்டு மட்டும் தனியா வாங்காதீங்க. டிஃப் உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம் கிரவுன் வீலும், அதைச் சுத்துற சின்னது பினியனும் ஜோடியாவே அரைச்சு எடுக்கிற சாமான், ரெண்டுலயும் ஒரே நம்பர் பொறிச்சிருக்கும். நான் சின்ன வயசுல ஒரு கடையில தனித்தனியா வாங்கி மாட்டி, 60-ல போனாலே நாய் ஊளையிடுற மாதிரி சத்தம், ரெண்டே மாசத்துல பினியன் பல்லு கொட்டிப் போச்சு. புது ஜோடியே வாங்கினாலும் மெல்லிசுத் தகடு (ஷிம்) வச்சு, பேரிங் டைட் பாத்து, பல்லுக்கு நடுவுல 0.13-லருந்து 0.18 மில்லிக்குள்ள இடைவெளி நிறுத்தி, மை தடவி தடம் பாக்கணும். அதுக்கு கை பழகுன ஆள் வேணும், கூலியும் கூட.

அதனால பழைய வண்டிச் சாமான் விக்கிற ஹாஃப்-கட் கடைக்குப் போய், கிரவுனும் பினியனும் பொருத்தினபடியே இருக்கிற முழு டிஃப் தலையாவே தூக்கிட்டு வாங்க, உங்களுக்கு வேண்டிய ரேஷியோ கம்பெனியிலயே போட்டு வந்த வண்டியில இருந்து, முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணு. அந்த ஹைலக்ஸ்ல தலை தனியா கழண்டு வரும், அது உங்க அதிர்ஷ்டம், உள்ள செட்டிங்கை யாரும் தொட வேண்டியதில்ல. கடை முதலாளி தவுக்கே வாயால சொல்றதை நம்பாதீங்க, ஒரு பல்லுல லிக்விட் பேப்பர் புள்ளி வச்சு நீங்களே எண்ணுங்க. கிரவுன்ல 41-க்கு பினியன்ல 9-ன்னா 4.56, 39-க்கு 8-ன்னா 4.88. பல்லு ஓரத்துல சில்லு விட்டிருக்கா, நீலம் பாரிச்சிருக்கா பாருங்க. மிச்ச ஆயில் தே தாரிக் (பால் டீ) கலர்ல வழிஞ்சா தண்ணி புகுந்த தலை, வச்சுட்டு வந்துடுங்க. ஆக்சில் பல்லு எண்ணிக்கையும் ஷாஃப்ட் மாட்டுற ஃபிளேன்ஜ் ஓட்டையும் உங்களுதோட ஒத்துப் போகுதான்னு அளந்துக்குங்க.

பின்னாடி அரை நாள் வேலை. முன்னாடிதான் முதுகு ஒடியும், ரெண்டு பக்கமும் வீல் திரும்புற மூட்டு, அதான் நக்கிள், அது வரைக்கும் பிரிச்சாத்தான் ஆக்சில் வெளிய வரும், கை முழங்கை வரைக்கும் கிரீஸ். பிரிச்சதுதான் பிரிச்சீங்க, அந்த ஆயில் சீலையும் புதுசு போட்டுடுங்க, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊத்துங்க.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 33-ஐ வித்துட்டு 31 போட்டா என்ன? பழசைவிட 6 சதவீதம்தான் கூடுதல், இந்தச் செலவே இல்ல. நானா இருந்தா அதைத்தான் செய்வேன். எந்த சைஸா இருந்தாலும் ஜேபிஜே-வுல (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டுங்க.

வாசகர் கேள்வி, சுங்கை சிப்புட்: சுஸுக்கி எஸ்ஜே413 வச்சிருக்கேன். இதுக்கும் ரெண்டு டிஃப்பையும் மாத்தித்தான் ஆகணுமா?

பதில்: வேணாம். எஸ்ஜே410-ஓட டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேடுங்க, கியர்பாக்ஸ் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிக்கிற பெட்டி அது. உங்களுதுல ஹை 1.409, லோ 2.268. அதுல 1.580, 2.511. ஹைல 12, லோல 11 சதவீதம் இழுவை ஏறும், முன்னும் பின்னும் ஒண்ணா மாறுறதால ஆக்சில் பக்கமே போக வேண்டியதில்ல. ஏழைக்கு ஏத்த எள்ளுருண்டைன்னு இதைத்தான் சொல்லணும்.

வாசகர் கேள்வி, அதே பகாவ்தான், வேற ஆளு: இந்த மாசம் பின்னாடி மட்டும் 4.88 போட்டுட்டு, முன்னாடி தீபாவளி போனஸ் வந்ததும் போடலாமா?

பதில்: முன் வீலு ஆக்சிலோட சேராம சுத்துற மாதிரி ஹப்பை ஃப்ரீல விட்டு, ரெண்டு வீல் டிரைவ்லயே ஓட்டுனா ஒண்ணும் ஆகாது. ஆனா நாலு வீல் போட்ட நிமிஷம் முன்னும் பின்னும் மல்லுக்கட்டும், தார் ரோடா இருந்தா டயர் தேயும், லிவர் இறுகிக்கிட்டு வராது, கடைசியில டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் போகும். என் கூட்டாளி ஒருத்தர் இப்படித்தான் விட்டாரு, தனக்கு ஞாபகம் இருக்கும்னாரு. அவருக்கு ஞாபகம் இருந்துச்சு, வண்டியை இரவல் வாங்கிட்டுப் போன மைத்துனருக்குத்தான் யாரும் சொல்லல. போனஸ் வர்ற வரைக்கும் அந்த லிவரை கம்பி போட்டுக் கட்டி வைங்க.