எஞ்சின் நின்று எல்லை தாண்டினால் குற்றமா?

வாழைச்சேனை வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் கணவர் பலநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர். கச்சத்தீவுப் பிரச்சினை சூடாகும்போதெல்லாம் எனக்குப் பயம். எஞ்சின் பழுதாகி இந்தியப் பக்கம் இழுபட்டால் பிடித்து அடைத்துவிடுவார்களா?"

கச்சத்தீவு பாக்கு நீரிணையில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த ஒப்பந்தத்தின் கடல் எல்லைக் கோடு அங்கேதான். உங்கள் கணவர் பார்க்க வேண்டியது, 1976 மார்ச் ஒப்பந்தம் வங்காள விரிகுடாவில் போட்ட கோடு. அதன் புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒப்பந்தத்திலேயே உள்ளன. ஜீபீஎஸ்ஸில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். நேர் கிழக்கே போனால் தொல்லையில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தமான், நிக்கோபாரைச் சுற்றியும் இந்தியாவுக்கு 200 கடல் மைல் வலயம் இருக்கிறது!

சரி, இழுபட்டால்? இந்தியக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே, 200 கடல் மைல் வரையுள்ள பொருளாதார வலயத்தில் படகு நிற்பது மட்டும் குற்றமாகாது. மீன் பிடிப்பதுதான் குற்றம். ஆனால் இந்தியாவின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாத வெளிநாட்டுப் படகு வலை, தூண்டில் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டி வைத்திருக்க வேண்டும். ஈர வலையைத் தட்டில் போட்டுக்கொண்டு "எஞ்சின் பழுது" என்றால் யார் நம்புவார்?

நம்பவைக்கக்கூடியது வீஎம்எஸ் என்ற, படகு இருக்கும் இடத்தைக் கண்காணிக்கும் கருவிதான். எந்த நேரத்தில் வேகம் விழுந்தது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுத்தது என்பதெல்லாம் அதன் பதிவில் தெரியும். அதை நிறுத்திவிட்டு ஓடுகிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே அழிக்கிறார்கள். எஞ்சின் நின்றதுமே வீஎச்எஃப் வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16ஆவது அலைவரிசையில் அறிவிக்க வேண்டும். எல்லை தாண்டிய பிறகு கூப்பிடுவது வேறு கதையாகிவிடும்.

பிடிபட்டாலும், ஐ.நா. கடற்சட்டத்தின் 73ஆவது பிரிவு கைகொடுக்கும். நியாயமான பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும்; இரு நாடுகளும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது. இது பொருளாதார வலயத்துக்கு மட்டும். 12 மைலுக்குள் போய்விட்டால் இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. அப்புறம், நடைமுறையில் வழக்கு இழுபடவும் கூடும். அதனால் வக்கீலிடம் இந்தப் பிரிவை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படகின் பதிவு இலக்கம், ஆழ்கடல் அனுமதிப்பத்திரம், எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றை வீட்டில் ஒரு கோவையில் வையுங்கள். செய்தி வந்ததும் மட்டக்களப்பு கடற்றொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கும் அதே பிரதிகளை அனுப்புங்கள்.