புற்றுநோய் மாத்திரையால் கல்லீரலில் ஒவ்வாமை வந்தால், அந்த மருந்தை இனி எடுக்கவே முடியாதா?

இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அப்பாவுக்கு எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறிவிட்டது, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார், இனி அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். சிஎம்எல் வகை ரத்தப் புற்றுக்கு இதே மருந்தை எடுத்த என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது. இன்றும் சிகிச்சையில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

அக்காவுக்கு முதலில் வந்தது அரிப்பும் லேசான காய்ச்சலும்தான். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்களும் கூடியிருந்ததால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ஆனால் ஒவ்வாமையில் இந்த அறிகுறிகள் எல்லாருக்கும் வருவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான பரிசோதனையும் செய்தார்கள். உடலில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இமாடினிப் கிளப்பிவிடக்கூடும். அப்பாவுக்கு அது பார்த்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள்.

எஸ்ஜிபிடியோடு, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைவிட 3 மடங்கைத் தாண்டி, பித்தக்குழாய் அடைப்பு போன்ற வேறு காரணம் இல்லாமல் பிலிருபினும் 2 மடங்கைத் தாண்டினால் அது ஆபத்தான நிலை. இமாடினிப்பைப் பொறுத்தவரை, எஸ்ஜிபிடி 5 மடங்கையோ பிலிருபின் 3 மடங்கையோ தாண்டினால் நிறுத்திவைப்பார்கள். எஸ்ஜிபிடி 2.5 மடங்குக்கும் பிலிருபின் 1.5 மடங்குக்கும் கீழே இறங்கிய பிறகு, குறைந்த அளவில் மறுபடி தொடங்குவது உண்டு. சிலருக்கு ஸ்டீராய்டு துணையோடு தொடங்குவார்கள். அக்காவுக்கு அப்படித் தொடங்கியபோது எண்கள் திரும்ப ஏறின. அப்புறம் அதே குடும்பத்து மருந்தான டாசாடினிப்புக்கு மாற்றினார்கள், அது ஒத்துக்கொண்டது. ஒரு மாத்திரை கல்லீரலுக்கு ஆகவில்லை என்பதால் அதே குடும்பத்து மற்ற மருந்துகளும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆனால் தோல் உரிவது, முகம் வீங்குவது, அதிகக் காய்ச்சல் என்று கடுமையாக வந்திருந்தால் அதே மருந்தைத் திரும்பத் தொடவே கூடாது.

இதில் அப்பாவின் தவறு எதுவும் இல்லை, அவரிடம் அதைச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுக்கான லபாடினிப்பில், நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்எல்ஏ மரபணுவில் குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கே கல்லீரல் பாதிப்பு அதிகம் வருகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். உடலின் அமைப்புக்கு இதில் அவ்வளவு பங்கு உண்டு.

காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இமாடினிப்போடு அதைத் தொடர்ந்து எடுத்த ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தது பதிவாகியிருக்கிறது. மூலிகை மருந்துகளும் இப்போது வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, அப்பா குழப்பமாகப் பேசினாலோ அடுத்த ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.