செடார் சீஸ் வெடித்து எண்ணெய் விடுகிறதா? காற்றாடியை நிறுத்துங்க

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட்டில் மாட்டுக்காரரிடம் பால் வாங்கி செடார் செய்து, காற்றாடிக்குக் கீழே மூணு நாள் வெச்சதும் தோல் வெடிச்சு எண்ணெய் கசியுது, தூக்கிப் போடவான்னு கேட்டிருக்கீங்க.

பாலை 63 டிகிரியில் 30 நிமிஷம் வெச்சுப் பிறகு செஞ்சீங்களா? பச்சைப் பால்னா, இந்த வெக்கையில் மூணு நாள் கிடந்ததைச் சாப்பிடாதீங்க, போட்டுடுங்க. உடம்புதான் முக்கியம்.

சூடாக்கிய பால்னா, நாத்தமும் வழவழப்பும் இல்லைன்னா காப்பாத்திடலாம். நம்ம ஊர் 30 டிகிரியில் கொழுப்பு இளகி வெளியே வரும். நேர்க்காத்து பட்டா உள்ளே ஈரம் இருக்கும்போதே மேல்தோல் மட்டும் சுருங்கிப் பிளக்கும். மெல்லிய வெடிப்புகளில் வெண்ணெய் பூசி அடைங்க. ஆழமாப் பிளந்து உள்ளே பூஞ்சணம் போயிருந்தா விட்டுடுங்க.

முதிர வைக்க 10 முதல் 13 டிகிரி வேணும், ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல. சமையலறை ஐஸ்பெட்டி 4 டிகிரி, அதில் ருசி ரொம்ப மெதுவாத்தான் ஏறும். பழைய சின்ன ஐஸ்பெட்டி ஒண்ணு வாங்கி, குளிரை வேண்டிய அளவில் நிறுத்தி வைக்கிற தெர்மோஸ்டாட்டை வெளியே மாட்டுங்க. இதுக்குச் செலவு பண்ணத் தயங்காதீங்க, அச்சையும் அழுத்துக் கருவியையும் விட இதுதான் அவசியம். மூடி போட்ட டப்பாவுக்குள் வெச்சு, தினமும் திறந்து வேர்வையைத் துடைச்சுத் திருப்பி வைங்க. மேலே பூஞ்சணம் பூத்தா, உப்பும் வினிகரும் கலந்த தண்ணியில் துணி நனைச்சுத் துடைங்க. மூணு மாசமாவது பொறுங்க.

அடுத்த தடவை காய வைக்கிறதையும் அதே பெட்டிக்குள்ளேயே செய்யுங்க தம்பி.