பக்கத்து வீட்டு நாய் பகலெல்லாம் குரைக்கிறது

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டுத் தம்பதி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பீகிள் நாய் வாங்கினார்கள். காலை ஒன்பது மணிக்கு அவர்கள் கதவைப் பூட்டியதும் தொடங்கும் குரைப்பு, மாலை வரை விட்டுவிட்டுக் கேட்கிறது. என் மகன் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவன். வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். ‘காலை ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டு மிக்ஸி சத்தத்தை நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?’ என்று அந்தப் பெண் பதில் போட்டார். அன்று நின்றது பேச்சு. சங்கக் கூட்டத்தில் நாய் வளர்க்கவே தடை போட்டுவிடலாம் என்கிறார் செயலாளர். அதற்கு இடம் உண்டா, அல்லது போலீஸில் புகார் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செயலாளர் சொல்லும் தீர்மானம் செல்லாது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியம், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுப்பின் மூலமாகக்கூட வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது என்று 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட தடைகள் சட்டவிரோதமானவை என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் தீர்ப்பளித்தது. பொது இடங்களில் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும், அசுத்தம் செய்தால் உரியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் உங்கள் பக்கத்து நியாயம்தான் பலவீனப்படும்.

போலீஸ் புகாரைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. விட்டுவிட்டு வரும் குரைப்பைப் பகல் நேரத்தில் இந்த அளவுகோலுக்குள் கொண்டுவந்து நிரூபிப்பது எளிதன்று. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிட நிர்வாகத் துறை நடுவருக்கு (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) அதிகாரம் உண்டென்றாலும், ஒரே ஒரு வீட்டாருக்கு ஏற்படும் இடைஞ்சலைப் பொதுத் தொல்லை என்று ஏற்கவைப்பது கடினம். பெரும்பாலும் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து, ‘அக்கம்பக்கத்தில் இருக்கிறீர்கள், அனுசரித்துப் போங்கள்’ என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். நாய் மறுநாளும் குரைக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர்கள் கதவைப் பூட்டிய பிறகுதான் குரைப்பு தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பெண் இந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மாலையில் அவர் கதவைத் திறக்கும்போது வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாயைத்தான் அவருக்குத் தெரியும். அவர் அறியாத ஒரு குற்றத்தைப் பன்னிரண்டு வீட்டாரும் பார்க்கும் குழுவில் போட்டால், கையில் கிடைத்த மிக்ஸியைத் தூக்கித்தான் அவர் பதில் சொல்வார்.

ஆகவே முதல் வேலை, அவரைக் கேட்கவைப்பது. ஒரு வாரம் ஒரு நோட்டில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது லிஃப்ட் வந்து நின்றதா, கூரியர்காரர் அழைப்புமணி அடித்தாரா என்று குறித்து வையுங்கள். கைபேசியில் இரண்டு மூன்று நாள் ஒலிப்பதிவும் செய்யுங்கள். இந்தக் குறிப்பு சண்டைக்கான ஆதாரம் அன்று. மருத்துவரிடம் காட்டும் காய்ச்சல் அட்டையைப் போன்றது. அவர்கள் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கி ஊளையாக நீண்டால், தனிமையைத் தாங்காத நாயின் தவிப்பு அது. லிஃப்ட் சத்தத்துக்கு மட்டும் என்றால், நடைபாதையை ஒட்டிய அறையிலிருந்து நாயை உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலுக்குத் திரை போட்டாலே பாதி அடங்கிவிடும். பீகிள் என்பது முயல் வேட்டைக்காக இங்கிலாந்தில் கூட்டமாக வளர்க்கப்பட்ட இனம். தொலைவில் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பதுதான் அதன் தொழில். அதைப் பத்து மணி நேரம் ஆளில்லாத வீட்டில் பூட்டி வைப்பது, நாயின் பக்கமிருந்து பார்த்தாலும் கொடுமைதான். காலையில் நீண்ட நடை, பகலில் ஒருமுறை வந்து வெளியே அழைத்துச் செல்ல ஓர் ஆள், கொஞ்சம் கொஞ்சமாகத் தனிமைக்குப் பழக்கும் பயிற்சி என்று கால்நடை மருத்துவர் வழி சொல்வார். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை உங்கள் மகனைப் பொதுச் சுவரை ஒட்டாத அறையில் படுக்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையே குழுவில் எவரேனும் விளையாட்டாகக்கூட ‘எதையாவது கலந்து வைத்துவிடலாம்’ என்று எழுதினால் உடனே தடுத்துவிடுங்கள். விலங்கைக் கொல்வதற்கோ ஊனப்படுத்துவதற்கோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகள் வரை சிறை உண்டு.

மிக்ஸி விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், என்னால் முடியவில்லை. நான் மேலே சொன்ன விதிகளில் இரவு என்பது காலை 6 மணி வரை. நீங்கள் சட்னி அரைக்கும் ஐந்தரை மணி அதற்குள் வருகிறது. தேங்காயை முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம், அல்லது மிக்ஸியைப் பொதுச் சுவரை ஒட்டிய மேடையிலிருந்து எடுத்து, தடித்த துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைக்கலாம். இதைச் செய்துவிட்டுப் பிறகு போய்ப் பேசுங்கள். பேச்சை அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்கள் நாயை நடத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு போங்கள். ‘நீ வீட்டில் இல்லாதபோது இது இப்படி அழுகிறதம்மா’ என்று அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். செயலாளரை உடன் அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.