ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலியா?

கேள்வி: திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையில், காலையிலிருந்து உழைத்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. இது உழைப்பவனை அவமதிப்பதாகாதா? அன்றாட வாழ்க்கையில் இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நான் நாகர்கோவில் பக்கம் சின்ன அளவில் வீடு கட்டும் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறேன். சனிக்கிழமைதோறும் கூலி எண்ணிக் கொடுக்கிறவன் என்பதால், இந்த உவமை ஆலயத்தில் வாசிக்கப்படும்போதெல்லாம் என் காது கொஞ்சம் கூடுதலாகவே நிமிரும். அந்தத் தோட்டக்காரர் செய்தது நியாயமா என்ற உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. என் வேலையிடத்தில் அப்படிக் கொடுத்தால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருவரும் வர மாட்டார்கள். எல்லாரும் சாயங்காலம்தான் வருவார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 20ஆம் அதிகாரம். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி ஆள் கூட்டி வருகிறார். மறுபடி ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்குப் போகிறார். ஐந்து மணிக்குப் போனபோதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், ஒருவரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது, கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே ஒரு பணம். வெயிலில் வெந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

பிரசங்கங்களில் அந்த ஐந்து மணி ஆட்களைச் சோம்பேறிகள்போலச் சித்திரிப்பதைக் கேட்டிருக்கிறேன். வேதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலும் காலையில் ஆட்கள் கூடி நிற்கும் சந்திப்புகள் உண்டு. மண்வெட்டியும் சோற்றுப் பாத்திரமும் பையில் இருக்கும். முதலில் போகிறவர்கள் திடகாத்திரமானவர்கள். கலவை போட, கான்கிரீட் சுமக்க அவர்களைத்தான் மேஸ்திரிகள் தேடுவார்கள். எட்டரை மணிக்கும் நிற்கிறவர்கள் யாரென்று பாருங்கள்: நரைத்தவர், ஒல்லியானவர், கையில் கட்டுப் போட்டவர். ஒன்பதரைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உவமையில் வருகிறவர்களோ மாலை ஐந்து மணிவரை போகாமல் நின்றிருக்கிறார்கள். அது சோம்பல் இல்லை. வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாத நிலை.

அந்தக் காலத்தில் ஒரு பணம், அதாவது ஒரு தெனாரியம், கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடத் தேவையான தொகை என்றே வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்பினால் கணக்கு சரியாக இருக்கும், அடுப்பு எரியாது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24 சொல்கிறது. அதை நம்பித்தான் அவன் பிழைக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. தோட்டக்காரர் அந்தக் காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கூலி கொடுக்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, கூலி கொடுத்த வரிசை. காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சண்டையே இல்லை. வேண்டுமென்றே அவர்களை நிறுத்தி வைத்து, மற்றவன் கைக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க வைக்கிறார். பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை. ஐந்து நிமிடம் முன்புவரை போதுமானதாக இருந்த அதே பணம், பக்கத்து ஆளின் கையைப் பார்த்த பிறகு அநியாயமாகிவிடுகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இயேசு இதை யாரிடம் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தின் முடிவில்தான் பேதுரு கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று. உவமை முடிந்து சில வசனங்களுக்குள் செபெதேயுவின் மனைவி வந்து, சீடர்களான தன் மகன்கள் இருவருக்கும் வலது பக்கமும் இடது பக்கமும் ஆசனம் கேட்கிறார். இரண்டு முன்னுரிமைக் கோரிக்கைகளுக்கு நடுவில் இந்தக் கதை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இது முதலில் வந்த சீடர்களுக்கான கதை. இன்றைக்கு யாருக்கு? எங்கள் குடும்பம் சவேரியார் வந்த 1542இலிருந்தே கிறிஸ்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்டே, போன வருடம் ஞானஸ்நானம் பெற்றவரைச் சபைக் கமிட்டிக்குள் விடாதவர்களுக்கு. அவருடைய சாதியை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு மடங்கு. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஈஸ்டர் இரவில், பதினோராம் மணி நேரத்தில் (விடியலிலிருந்து எண்ணும் அந்தக் காலக் கணக்கு, நமக்கு மாலை ஐந்து மணி) வந்தவரும் பயப்படாமல் விருந்துக்கு வரட்டும் என்று அழைக்கும் பழைய பிரசங்கம் ஒன்றை வாசிப்பார்கள். பழங்கால ஆயரான கிறிசோஸ்தம் பெயரில் வழங்குவது. பாஸ்கா விரதத்தை முழுதாக இருந்தவர்களும் இராதவர்களும் ஒன்றாக நின்று அதைக் கேட்கிறார்கள்.

நம்பிக்கைக்குச் சரி, நடைமுறைக்கு உதவுமா என்பீர்கள். காந்தி உதவ வைத்திருக்கிறார், அவர் கிறிஸ்தவரும் இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்தே தலைப்பு எடுத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தி அதைப் படித்தார். வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து புரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். அதே ஆண்டு தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகத்தை டர்பன் அருகே ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார். தமிழிலும் வந்துகொண்டிருந்த பத்திரிகை அது. நிறமோ நாடோ பார்க்காமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுண்டு என்பது அங்கே போட்ட திட்டம். அதில் சேர விரும்பாத தொழிலாளர்களுக்குப் பழைய சம்பளமே தொடரட்டும் என்றும் வைத்தார்கள். எனக்கு அந்தப் பின்குறிப்புதான் முக்கியம். தாராளத்தை யார் தலையிலும் கட்டவில்லை.

ஓர் எச்சரிக்கை. "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்று தோட்டக்காரர் கேட்கும் வசனத்தை, கூலியைக் குறைக்கிற முதலாளிகள் எடுத்து வீசுவதுண்டு. அவர் அந்த அதிகாரத்தைப் பேசியதற்கு மேல் கொடுப்பதற்குத்தான் பயன்படுத்தினார். செங்கல் சுமக்கும் ஆணுக்கு ஒரு கூலி, அதே செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது கட்டட வேலையில் இன்னும் நடக்கிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. இந்த உவமையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறவரை நான் நம்ப மாட்டேன்.

என் வேலையிடத்தில் நான் கடைப்பிடிப்பது சின்ன விஷயம்தான். மழை வந்து பதினோரு மணிக்கு வேலை நின்றால், வழக்கம் அரை நாள் கூலி. நான் முழுக் கூலி கொடுக்கிறேன். வந்து நின்றவர்களின் குற்றமில்லை அது. முந்தைய நாள் முழுதும் வெயிலில் பூசிய கொத்தனார் ஒருவர் இதற்கு என்னிடம் முணுமுணுத்தார். உங்கள் கூலியில் ஏதாவது குறைந்ததா அண்ணே என்று கேட்டேன். இல்லைதான், ஆனாலும் என்றார். அடுத்த மழை நாளில் அவரும் வாங்கிக்கொண்டார், அந்த ஆனாலும் மட்டும் இன்னும் அவரிடம் இருக்கிறது.