கைட் சர்ஃபிங்கில் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) கணுக்கால் பிசகி ஐந்து வாரம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. சீசன் போய்விடுமே, மறுபடி எப்போது தண்ணீரில் இறங்கலாம்?

வீக்கம் வடிந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் அப்படித்தான் நாலாவது வாரமே இறங்கி, அதே காலை மறுபடி மடக்கிக்கொண்டு, ஆறேழு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியதை நாலு மாதத்துக்கு இழுத்தேன்.

முதல் அடி பட்டது ராமேஸ்வரம் பக்கம், பாக் நீரிணைக் கரையில், வாடைக் காற்று வீசும் ஜனவரியில். அங்கே ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான். பழகுகிறவர்களுக்கு வசதி, விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். ஆனால் கணுக்காலுக்கு அதுவே எமன். நடக்கச் சோம்பல்பட்டு முழங்காலளவு தண்ணீர் வரை ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்தேன். போர்டின் விளிம்பு மணலில் குத்தி நின்றுவிட்டது. கைட் நிற்கவில்லை. பின்னங்கால் போர்டின் ஸ்ட்ராப்பில் (கால் நுழைக்கும் பட்டை) மாட்டியிருக்க, உடம்பு முன்னால் போக, பாதம் உள்பக்கமாக மடங்கியது. காலுக்குள்ளே ஏதோ ‘டப்’பென்று விட்டதை உணர்ந்தேன்.

அந்த நொடியில் பாரை, அதாவது கைட்டைக் கட்டுப்படுத்தும் கைப்பிடித் தண்டை, விட்டிருந்தால் கைட்டின் இழுவை பெருமளவு குறைந்திருக்கும். இது எனக்குத் தெரியாததா? வகுப்பில் முதல் நாளே சொன்னதுதான். ஆனால் விழுகிறவன் கை பிடிமானம் தேடும், பாரைத் தன் பக்கம் இழுக்கும், கைட் இன்னும் பலமாக இழுக்கும். 2004-இல் ஜெர்மன் மருத்துவர்கள் 235 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், பாதமும் கணுக்காலும்தான் அதிகம் அடிபட்ட இடம், 28 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட காயங்களுக்குக் காரணம், கட்டுப்பாடு போன பிறகு கைட்டைக் கழற்றிவிட முடியாமல் போனது. கைட்டின் இழுவையை உடனே அறுக்கும் அவசர அமைப்பான குவிக் ரிலீஸ் இப்போது எவ்வளவோ மேல், ஆனால் அதைத் தள்ள வேண்டியது நம் கைதானே.

வீட்டில் என்ன நடந்தது என்றால், சித்தி மறுநாளே சுளுக்கு வழிக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார். நல்லெண்ணெய் தடவி அழுத்தி நீவிவிட்டார். சாயங்காலத்துக்குள் கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஜவ்வு புதிதாகக் கிழிந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் உள்ரத்தக்கசிவுதான் கூடும். நீங்கள் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று எழுதவில்லை. அடிபட்டதும் நாலு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எடுத்துவிட வேண்டும். ஐந்து வாரம் ஆகியும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றால் இதற்கு மேல் படிக்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை மடங்கிய பிறகுதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் காலைத் தொடக்கூட இல்லை. ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். நல்ல காலில் முப்பது எண்ணும்வரை நின்றேன். அடிபட்ட காலில் நாலு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன். வலி துளிகூட இல்லை! பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சேதி அனுப்பும் நரம்பு முனைகள் அந்த ஜவ்வுக்குள்தான் இருக்கின்றனவாம். ஜவ்வு கிழியும்போது அவையும் சேர்ந்து அடிபடுகின்றன. அதனால் பாதம் மடங்கத் தொடங்குவதே நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ரப்பர் பட்டையில் பாதத்தை வெளிப்பக்கமாக இழுப்பது. இவ்வளவுதான் பயிற்சி, ஆனால் தினமும். இரண்டு மாதம் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் என்னை ‘கொக்கு மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இப்போது உங்கள் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணை மூடி அதே நேரம் நிற்க முடிகிறதா, ஒற்றைக்காலில் அதே எண்ணிக்கை குதிகால் ஏற்ற முடிகிறதா, பயமில்லாமல் பக்கவாட்டில் நொண்டியடிக்க முடிகிறதா? மூன்றும் கிட்டத்தட்ட சமமென்றால் முதலில் கடற்கரை மணலில் அரை மணி நேரம் நடங்கள். காற்றடித்த கைட்டைத் தூக்கிக்கொண்டு மேடுபள்ள மணலில் போவதே கணுக்காலுக்கு ஒரு வேலை.

அப்புறம் இறங்கலாம். முதல் நாள் காற்று மிதமாக இருக்கட்டும். காற்றின் வேகம் 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) என்பதிலிருந்து 18 ஆனால் விசை ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்காகிறது. ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், விழுந்தால் கால் உருவிக்கொள்ள வேண்டும். தாவல் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரிலேயே போர்டைக் கழற்றிவிட்டு நடந்து வாருங்கள்.

சீசன் போய்விடுமே என்று எழுதியிருந்தீர்கள். வாடை அடங்கினால் தெற்குக் கரையில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) இருக்கிறது, மே தொடங்கி செப்டம்பர் வரை.