மொன்டானாவின் ஒரே தொகுதி மறைந்தது 1919-லா, 2023-லா?

கேள்வி: போஸ்மன் நகரில் இருக்கும் என் பேத்தி, பள்ளி வரலாற்றுப் பாடத்துக்காக, மொன்டானாவிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறாள். 'அட்-லார்ஜ்' தொகுதி 1919-ல் முடிந்தது என்று ஓரிடத்தில் இருக்கிறது, 2023-ல் முடிந்தது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. ஜெனட் ராங்கின் பெயர் இரண்டு வெவ்வேறு தொகுதிகளின் கீழ் வருகிறது. எதை எழுதச் சொல்வது?

பதில்: இரண்டு ஆண்டுகளுமே சரிதான். அந்தத் தொகுதி இரண்டு முறை இருந்தது, இரண்டு முறை கலைக்கப்பட்டது. 'அட்-லார்ஜ்' என்றால் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அதற்கு ஒரே உறுப்பினர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியல் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

1889 நவம்பரில் மொன்டானா மாநிலமானபோது கிடைத்தது ஒரே இடம். முதல் உறுப்பினர் தாமஸ் கார்ட்டர். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இரண்டாவது இடமும் வந்தது. ஆனால் மாநிலத்தைப் பிரிக்காமலேயே 1912, 1914, 1916 தேர்தல்களை நடத்திவிட்டார்கள். ஒரு வாக்காளர் இரண்டு பேருக்கு வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் வாஷிங்டன் போவார்கள்.

ராங்கினின் கதை இதோடு பின்னிக் கிடக்கிறது. மொன்டானா பெண்கள் 1914-ல் வாக்குரிமை பெற்ற போராட்டத்துக்காக மாநிலம் முழுக்கச் சுற்றியவர் அவர். மாநிலமே ஒரு தொகுதியாக இருந்தது அவருக்குக் கைகொடுத்தது. 1916-ல் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸ் முதலிடம், குடியரசுக் கட்சியின் ராங்கின் இரண்டாமிடம். அந்த இரண்டாமிடத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் உள்ளே போனார். 1917 ஏப்ரலில் ஜெர்மனி மீதான போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்தார். அடுத்த தேர்தலுக்குள் மாநிலத்தை மேற்கு, கிழக்கு என்று பிரித்தார்கள். ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த மேற்கில் அவர் மாட்டிக்கொண்டார். 1918-ல் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அப்புறம் 1940-ல் அதே மேற்குத் தொகுதியில், அதாவது முதல் தொகுதியில், வென்றார். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்துக்கு எதிராக விழுந்த ஒரே வாக்கு அவருடையது. ஆக, அவர் பெயர் இரண்டு தொகுதிகளின் கீழ் வருவது பிழையல்ல. அவருக்காகவே பட்டியலில் 'எத்தனை இடங்கள்' என்று ஒரு தனி நெடுவரிசை போடச் சொல்வேன்.

இரண்டாவது கட்டம் 1990 கணக்கெடுப்பில் தொடங்குகிறது. சுமார் 7,99,000 மக்களோடு மொன்டானா ஓரிடத்தை இழந்தது. மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடும் கணக்கையே எதிர்த்து மாநிலம் வழக்குப் போட்டது. 1992-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. பதவியில் இருந்த பாட் வில்லியம்ஸும் ரான் மார்லனியும் மீதமிருந்த ஓரிடத்துக்கு மோதினார்கள். வில்லியம்ஸ் வென்றார். 2010 கணக்கெடுப்பிலும் நிலை மாறவில்லை: சுமார் 9,89,000 பேருக்கு ஒரே உறுப்பினர். 10,52,000 பேர் கொண்ட ரோட் ஐலண்டுக்கோ இரண்டு. மொன்டானா மக்களின் குறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

2020-ல் எண்ணிக்கை 10,84,000-ஐத் தாண்டவே இரண்டாவது இடம் திரும்பியது. ஐந்து பேர் கொண்ட ஆணையம் 2021 நவம்பரில் 3-2 என்ற கணக்கில் புதிய எல்லைகளை முடிவுசெய்தது. கடைசி அட்-லார்ஜ் உறுப்பினர் மாட் ரோசன்டேல் 2023-ல் இரண்டாம் தொகுதியின் உறுப்பினரானார். ரயன் ஜிங்கியும் ராங்கின் போலவே இரண்டு வரிகளில் வருவார்: 2015 முதல் 2017 வரை அட்-லார்ஜ், 2023-லிருந்து முதல் தொகுதி.

பட்டியலில் தேர்தல் ஆண்டையும் பதவியேற்ற ஆண்டையும் கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1992-ல் வென்றவரின் பதவிக்காலம் 1993-ல்தான் தொடங்கும். பழைய பதவிக்காலங்கள் மார்ச் 4-ல் தொடங்கின. 1930-களின் நடுவிலிருந்து ஜனவரி 3. பதவிக்காலப்படி எழுதினால், அட்-லார்ஜ் இருந்தது 1889–1919, பிறகு 1993–2023. முதல் கட்டத்தில் 1913 முதல் இரண்டு இடங்கள். இன்னொன்று: 1993-க்கு முந்தைய முதல் தொகுதியும் இன்றைய முதல் தொகுதியும் எண்ணில்தான் ஒன்று, எல்லைகள் வேறு. அவற்றை ஒரே தலைப்பின் கீழ் சேர்க்காமல் தனித்தனியாகவே எழுதட்டும்.